நாலாம் லயத்து ஏழாம் கதவு

பேப்பரும் பேனாவும் பிடித்துக்கொண்டு யார் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தாலும் முதலில் நாய் குரைக்கும். பிறகு கதவுகளைச் சாத்துவார்கள். பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். நாலாம் லயத்தில் அது போதும்.

அந்த மாசி மாதம் வந்தவர் ஒரு இளம்பெண். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாராம். தோட்டத்து ஆட்கள் என்ன சாமி கும்பிடுகிறார்கள், கோயிலுக்குப் போகிறவர்களும் ஜெப வீட்டுக்குப் போகிறவர்களும் ஒரே லயத்தில் எப்படி இருக்கிறார்கள், இதைக் கேட்டு எழுத வேண்டுமாம். கூட நடக்க ஆள் கேட்டார். தலைவர் என்னைக் கைகாட்டினார்.

தலைவர் என்றால் தோட்டத்துச் சங்கத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் அவர்தான். கோயிலுக்குத் தகரக் கூரை போட்டவர். மழையில் மேட்டு லயத்தின் மேல் மண் சரிந்தபோது வெறுங்கையால் இரண்டு பேரைத் தோண்டி எடுத்தவர். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அப்போது வீட்டுப் பேச்சு கிளம்பியிருந்தது. மேட்டில் பழைய தேயிலையைப் பிடுங்கி, தனி வீடு கட்ட நிலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் இருபது வீடுதான். எங்கள் லயங்களில் குடும்பத்துக்கு ஒற்றை அறையாகக் காம்பரா அறுபது. யாருக்கு வீடு என்று தலைவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் காலை பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்க எல்லோரும் கூடி நிற்கும்போது, அவர் சத்தம் போடாமல் சொன்னார்.

"லயம் ரெண்டாப் போனா ஒருத்தருக்கும் வீடு வராது. கோயிலுக்கு வர்ற வீடு மொதல்ல. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

என் தங்கை எனக்குப் பக்கத்தில் நின்றாள். கூடைக் கயிற்றை நெற்றியில் சரி செய்துகொண்டாள்.

தங்கை நாலாம் லயத்தில் ஏழாம் காம்பரா. நான் பதினொன்று. அவளுடைய புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவளுக்குப் பிறந்த பிள்ளை மூன்றாம் மாதம் போய்விட்டது. எடுத்துப் புதைத்த மறுநாள் நாங்கள் எல்லோரும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விட்டோம். நானும் போனேன். கீழே ரோட்டோரத்து ஜெப வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரம் வந்தார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கீழே இறங்கிப் போவாள். கடைக்குப் போவதாகச் சொல்லிப் பையும் எடுத்துக்கொள்வாள். எனக்குத் தெரியும். வேறு சிலருக்கும் தெரிந்திருக்கலாம். தலைவருக்குத் தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் காம்பராவின் பின்சுவர் வெடித்து விரல் போகும் அளவுக்குப் பிளந்திருந்தது. மழைக்குச் சட்டி வைத்துத்தான் படுப்பாள். பிள்ளை குளிரில் போனது என்று நினைத்திருந்தாள். அவளுக்கு அந்தப் புது வீடு வேண்டும். வேறு எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆராய்ச்சிக்கு வந்த மேடத்தோடு மூன்று நாள் நடந்தேன். தலைவர் முன்னால் நடந்தார். வெளியாள் ஒருவர் காம்பராவுக்கு வந்தால் தலைவர் கூட வந்து நிற்பது எங்கள் வழக்கம். அவர் நிற்கும்போது வீட்டுக்காரர் வாய் திறக்க மாட்டார். அவரையே சொல்லச் சொல்லுவார். அது மரியாதை.

"நீங்க எந்தச் சமயம், அம்மா?"

"அதான் தலைவரு நிக்கிறாருல்ல மிஸ். அவரே சொல்லுவாரு."

"கோயில்தான். எழுதிக்குங்க மிஸ்," என்பார் தலைவர்.

மேடம் எழுதிக்கொள்வார். அடுத்த கதவு.

ஒவ்வொரு வீட்டிலும் என்னைத் தனியாக இழுத்து ஒரே கேள்வி கேட்டார்கள். இது வீட்டு லிஸ்டா? இல்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை. பெண்சாதி செத்துத் தனியாக இருக்கும் ஒரு தாத்தா சொன்னார், "வீட்டு லிஸ்டு இல்லேன்னா என் வயச எதுக்குக் கேக்குறாங்க? எனக்குப் பொண்ணு பாக்கவா?"

இரண்டாம் நாள் மேடத்துக்குக் கை வலித்தது. எந்தக் கட்டத்தில் சரி போடுவது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். ஏழாம் காம்பராவுக்கு வந்தபோது பேனா என் கையில் இருந்தது. தங்கை கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவர் "கோயில்தான்" என்றார். நான் சரி போட்டேன்.

அன்று மாலை தண்ணீர் விழும் பீலியில் குடம் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"ஒன் பேப்பர்ல நான் பெரிய பக்தை ஆயிட்டேன் போலருக்கே?"

"வாய மூடு."

"சூடம் கொளுத்தறேன்னும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். தீ மிதிக்கிறேன்னும் எழுதிருக்கேன்."

சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மேடத்துக்கும் சந்தோஷம். "எல்லா வீட்லயும் ஒரே பதில். எவ்வளவு ஒற்றுமையா இருக்கீங்க" என்றார். கோயில் முன்னால் எங்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் இன்னொருவர் வந்தார். வயதானவர். குடையும் முழங்கால் வரை சேறுமாக வந்தார். கொட்டகலையில் தங்கியிருந்து, பஸ் ஏறி டயகமப் பக்கம் வந்து, மீதி வழியை நடந்திருந்தார். அந்த மேடம் ஆராய்ச்சியைச் சரியாகச் செய்தாரா என்று பார்க்க அவரை அனுப்பியிருந்தார்கள்.

"தரம் பாக்குறதுதான் என் வேலை" என்றார்.

"ஃபேக்டரியில தேத்தண்ணி ருசி பாப்பாங்களே, அந்த மாதிரியா சார்?"

"அதே மாதிரிதான். குடிச்சிட்டுத் துப்பத்தான் முடியாது."

என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மேடம் கொண்டுபோன பேப்பர்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"அறுபது வீடு. அறுபதும் ஒரே பதில். ஒரு மலையில அறுபது செடி இருந்தா அறுபதுலயும் ஒரே அளவு கொழுந்தா வரும்?"

"வராது சார்."

"அப்ப இது எப்படி?"

நான் பேப்பர்களின் ஓரத்தைத் தட்டி நேராக்கினேன். அவர் ஒரு காகிதத்தைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து அறுபது நம்பர் எழுதினார். தன் தொப்பியில் போட்டுக் குலுக்கினார். எட்டுத் துண்டு எடுத்தார். எடுத்தவற்றில் மூன்றாவது, நாலாம் லயம் ஏழு. என் காம்பரா வரவில்லை.

தலைவர் முன்னால் நடக்கக் கிளம்பினார். வந்தவர் தடுத்தார்.

"நீங்க இருங்க தலைவரே. நான் போயிட்டு வர்றேன்."

"நான் இல்லாம எங்க ஆளுங்க பேச மாட்டாங்க சார்."

"பேசலன்னா, பேசலன்னு எழுதிக்கிறேன்."

தலைவர் சிரித்தார். வாய் மட்டும் சிரித்தது.

தீபாவளிக்கு முன்னால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததில் கதவு நம்பரெல்லாம் மறைந்து போயிருந்தது. அதனால் நான்தான் கதவு காட்ட வேண்டும். ஒவ்வொரு கதவிலும் அவர் முதலில் ஒன்றைச் சொன்னார். மனப்பாடம் செய்தது போல ஒரே மாதிரி சொன்னார்.

"ஒங்க பேர நான் எழுத மாட்டேன். நம்பர் மட்டும்தான் எழுதுவேன். சொன்னது யாருன்னு யாருக்கும் தெரியாது."

எங்கள் லயத்தில் ஒரே பெயரில் ஐந்து பெண்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஏழாங்காம்பராக்காரி, பதினொண்ணாங்காம்பராக்காரி, அவ்வளவுதான். சண்டையில் ஏசுவதும் நம்பரைச் சொல்லித்தான். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா பெயரை மறந்தாலும் நம்பரை மறக்க மாட்டார். நாலு, ஏழு என்று எழுதினால் அவளுடைய முகத்தையே வரைந்து வைத்தது போல.

அவருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். எட்டுக் கதவில் எட்டுத் தடவை சந்தர்ப்பம் இருந்தது. கையில் பேப்பர் வைத்திருப்பவரைத் திருத்தி எனக்குப் பழக்கமில்லை. சொல்லாமல் விட்டேன்.

ஏழாம் கதவில் என்னைப் பீலிப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். போனேன். நாலு எட்டுதான், பேச்சு கேட்கும். பனி இறங்கி எதிர் மலை தெரியவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சட்டியில் கூரைத் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. நீங்கள் எந்தச் சமயம் என்று அவர் கேட்கவில்லை. வேறு மாதிரி கேட்டார்.

"போன ஞாயித்துக்கெழம காலையில பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

சட்டியில் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. கடை என்று சொல்லடி என்று நான் மனதுக்குள் சொன்னேன்.

"ஜெப வீட்ல" என்றாள்.

"போன தடவ பேப்பர்ல கோயில்னு இருக்கே?"

"அது நான் சொன்னது இல்லீங்க சார். தலைவரு சொன்னாரு. எங்கக்கா எழுதுச்சு."

அவர் வெளியே வந்து குடையை விரித்தார். அடுத்த லயத்துப் படி ஏறும்போது கேட்டார்.

"ஒங்க தங்கச்சியா?"

"ஆமா சார்."

"பொய் சொல்லத் தெரியல அவங்களுக்கு."

"யாரும் கத்துக் குடுக்கல சார்."

அவர் போன பிறகு அவளிடம் கேட்டேன், ஏன் சொன்னாய் என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நான் எங்க இருந்தேன்னு இத்தன நாள்ல ஒருத்தரும் கேக்கலியேக்கா. அவரு கேட்டாரு. சொல்லிட்டேன்."

"வீடு?"

"பேரு எழுத மாட்டேன்னாருல்ல."

அவர் நம்பர் எழுதிக்கொண்டதை அவள் யோசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றிலிருந்தே அவளுக்குத் தூக்கம் போயிருக்கும்.

தை பிறந்ததும் தரம் பார்க்கிறவர் திரும்பி வந்தார். பிள்ளைக்காம்பராவில் எல்லோரையும் கூட்டினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. மத்தியானம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நேராக வந்தோம். தொட்டில் சேலைகளைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள்.

"ஒங்ககிட்ட வாங்கினத மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்லணும்" என்றார். நல்ல எண்ணம்தான். ஒரு பேப்பரை மரியாதைக்குத் தலைவர் கையில் முதலில் கொடுத்தார்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் அவருக்குப் பக்கவாட்டில் நின்றேன். இடது ஓரத்தில் நம்பர்கள். அதற்கு நேரே முன்பு சொன்ன பதில், இப்போது சொன்ன பதில். தலைவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஒரு வரியில் விரல் நின்றது.

அவர் தலையைத் தூக்கவில்லை. தங்கையைப் பார்க்கவில்லை. பேப்பரைத் திருப்பி, ஒன்றும் எழுதாத பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி திருப்பினார். விரலை அதே இடத்தில் வைத்தார்.

வந்தவர் பேசிக்கொண்டிருந்தார். முதலில் செய்த ஆராய்ச்சியை ஏற்றுக்கொள்ள முடியாது. பதில் சொன்னது வீட்டுக்காரர்கள் இல்லை. அது உங்கள் குற்றம் இல்லை, கேட்ட முறை பிழை. தெளிவாகத்தான் சொன்னார். யாருடைய காதிலும் ஏறவில்லை. எல்லோரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார்" என்றார் தலைவர். "இந்த நாலு, ஒரு கோடு, ஏழு. இது என்னங்க சார்?"

"அது வெறும் அடையாளம் தலைவரே. யாருன்னு தெரியக் கூடாதுன்னுதான் பேர் போடல."

பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். வந்தவர் சுற்றி எங்கள் முகங்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பேப்பரை வாங்கக் கை நீட்டினார். தலைவர் கொடுக்கவில்லை.

தங்கை தொட்டில் கட்டும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் சொன்னேன், "சார், அந்தப் பேப்பர் பிழை."

"என்ன பிழை?"

"நம்பரெல்லாம் அழிஞ்சு கெடந்துச்சு. மழ வேற. எனக்கு மலைக்கு நேரமாயிருச்சு. கிட்ட இருந்த கதவா காட்டிட்டேன். நீங்க எழுதின நம்பரும் நீங்க போன வீடும் ஒண்ணு இல்ல."

அவர் போன எட்டு வீட்டுக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். எவரும் வாய் திறக்கவில்லை. தாத்தா இருமினார், அவ்வளவுதான்.

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஏழுன்னு போட்டிருக்கிறது எந்த வீடு?"

"பதினொண்ணு."

"ஒன் வீடா?"

"ஆமா."

"வெள்ளிக்கெழமைக்கு அம்மன் வெளக்கத் தேய்க்கிறவ நீ. நீ ஜெப வீட்டுக்குப் போறியா?"

"போறேன். வெளக்கும் தேய்க்கிறேன்."

தங்கை "அக்கா" என்றாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வந்தவர் என்னைப் பார்த்தார். ஏழாம் காம்பராவில் தன்னோடு பேசியது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த முகம் ஐந்து அடி தூரத்தில் நிற்கிறது. அவர் பார்வையை அங்கே கொண்டுபோகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கதவு மாறியிருந்தா இந்தப் பேப்பர் செல்லாது" என்றார்.

மறுபடி கை நீட்டினார். இந்தத் தடவை தலைவர் விட்டுவிட்டார். வந்தவர் பேனாவை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். மற்றப் பிரதிகளையும் சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

பஸ் நிற்கும் இடம் வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"மொதப் பேப்பர் பொய். நல்ல ஆராய்ச்சின்னு எழுதியிருந்தாங்க" என்றார். "ரெண்டாவது உண்மை. தரமில்லைன்னு என் கையாலயே எழுதணும்."

"எழுதிருங்க சார்."

"நம்பர் எழுதாதீங்கன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொல்லியிருக்கலாம் சார்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியாழக்கிழமை விளக்குத் தேய்க்கப் புளியோடு கோயிலுக்குப் போனேன். விளக்குகளை ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். புளியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வியாழனும் அப்படித்தான். பிறகு போகவில்லை. பீலியில் நான் குடம் வைத்தால் அடுத்த குடம் கொஞ்சம் தள்ளி நின்றது. மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள் முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது தலை குனிந்து எடுக்கிறாள்.

சித்திரையில் திருவிழா. கரகம் காலை பத்து மணிக்கு லயத்துக்குள் வரும். ஒவ்வொரு கதவிலும் நிற்கும். வீட்டுப் பெண் மஞ்சள் தண்ணீரைக் கரகம் தூக்குகிறவர் காலில் ஊற்ற வேண்டும். கல்யாணம் கட்டி இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து நான் ஊற்றியிருக்கிறேன்.

தப்பு மேளம் கீழ்ப்படியில் கேட்டதும் செம்போடு கதவில் நின்றேன். ஐந்தில் நின்றது. ஆறில் நின்றது. ஏழில் தங்கை தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் வெளியே சிந்தியது. தலைவர் அவள் நெற்றியில் திருநீறு வைத்தார். வைத்துவிட்டு அவள் முகத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். எட்டு, ஒன்பது, பத்து.

பதினொன்றில் தப்பு நிற்கவில்லை. கரகம் தூக்கியவன் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தான். பன்னிரண்டில் நின்றது.

செம்புத் தண்ணீரை என் வாசற்படியில் நானே ஊற்றினேன். உள்ளே போய்ச் செம்பைக் கவிழ்த்து வைத்தேன்.

மத்தியானம் தங்கை வந்தாள்.

"நான் போய்ச் சொல்லிர்றேங்க்கா."

"லிஸ்டு வரட்டும்."

"வந்தப்புறம்?"

"வந்தப்புறம் சொல்லு. வீட்டுக்குள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டுச் சொல்லு."

அவள் அழுதாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். லிஸ்ட் வரும்வரை ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கக் கூடாது என்று சொன்னேன். அப்போ ஜெப வீட்டுக்கு யாரு போறது என்றாள். நான் போறேன் என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கூட்டத்தில் போகிறேன் என்று சொன்னவள் போகத்தான் வேண்டும். அவள் பையை வாங்கிக்கொண்டேன். இப்போது நான்கு ஞாயிறாகப் போகிறேன். பின்னால் பாயில் உட்கார்ந்திருப்பேன். பாட்டு எனக்குத் தெரியாது. அந்த இரண்டு பெண்களும் தங்கை எங்கே என்று கேட்டார்கள். சுகமில்லை என்றேன். அந்த மனிதர் திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், என் பதில் இப்போது சரியாகத்தான் இருக்கும்.

மேட்டில் இருபது அஸ்திவாரம் போட்டாயிற்று. பட்டியல் இன்னும் ஆபீஸ் சுவரில் ஒட்டப்படவில்லை.

போன ஞாயிறு இறங்கும்போது ரோட்டு வளைவில் தலைவர் தனியாக நின்றார். நான் ஒதுங்கி வழி விட்டேன். அவர் நகரவில்லை. என் கையிலிருந்த பையைப் பார்த்தார். அது யாருடைய பை என்று அவருக்குத் தெரியாமலிருக்காது. பிறகு என்னைத் தாண்டி லயத்துப் பக்கம் பார்த்தார். எனக்குப் பின்னால் வேறு யாராவது இறங்கி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.